கிழிந்த தேசியக் கொடிக்கு எப்படித் தீ வைப்பது

என் தையல் பெட்டியில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் தையல் ஆசிரியையாக இருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் முதல் பாடமே துணியை எரித்துப் பார்ப்பதுதான். ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்ட வேண்டும். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். விரல் பட்டால் பொடியாக உதிரும். பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கறுத்த மணியாக இறுகிவிடும். என்ன துணி என்று நெருப்பு பொய் சொல்லாமல் சொல்லிவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

அதே நெருப்பைக் கொடிக்கு வைத்தால் அது என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டி வந்தது 2022இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்னார்கள். சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் எங்கள் தெருவிலும் எல்லா வீட்டிலும் கொடி பறந்தது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஏற்றியவர்களில் பாதிப் பேர் இறக்கவில்லை. ஆவணி மழையில் நனைந்து, காற்றில் ஓரம் கிழிந்து, கம்பு சாய்ந்து தொங்கின. புரட்டாசி பிறந்தபோது சில கொடிகள் சாக்கடை ஓரத்தில் கிடந்தன. ஒரு கொடி இருசக்கர வண்டி துடைக்கும் துணியாகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. தெருத்தெருவாக நடந்து பொறுக்கினேன். கேள்விப்பட்டவர்கள் அவர்களாகவே கொண்டுவந்தும் கொடுத்தார்கள். நாற்பத்தொரு கொடி சேர்ந்தது.

"இதையெல்லாம் என்னங்க டீச்சர் பண்ணப் போறீங்க?" என்று கேட்டவர்களிடம் "எரிக்கப் போகிறேன்" என்று சொன்னதும் முகம் மாறியது. "ஐயோ, கொடியை எரிச்சா ஜெயிலுங்க!" என்றார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் எரிக்கச் சொல்வதும் இந்த நாட்டு விதிதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்பதைப் புரிந்துகொண்டுதான் தீப்பெட்டியைக் கையில் எடுக்க வேண்டும். அதனால் செய்முறைக்கு முன்னால் கொஞ்சம் விவரம்.

2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி நெறிமுறை இப்படிச் சொல்கிறது: கொடி சேதமடைந்துவிட்டால், அழுக்காகிவிட்டால் அதைத் தூக்கிப் போடக் கூடாது. தனிமையில், முழுக் கொடியாக, கூடுமானவரை எரித்து அழிக்க வேண்டும். அல்லது கொடியின் மாண்புக்குக் குறைவு வராத வேறு வழியில் அழிக்கலாம். 1971ஆம் ஆண்டு தேசிய மாண்பு அவமதிப்புத் தடுப்புச் சட்டமோ, பொது இடத்தில் அல்லது பொதுமக்கள் கண்ணில் படும் எந்த இடத்திலும் தேசியக் கொடியை எரித்தால், கிழித்தால், மிதித்தால், கறைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். தீ ஒன்று, துணி ஒன்று. நடுவில் நிற்பது பார்க்கிறவர்களின் கண்.

நான் இதைப் படித்தும் கோட்டை விட்டேன். முதல் தடவை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்துக்கொண்டேன். சொந்த வீடு, சொந்த மாடி, தனிமைதானே என்று நினைத்தேன். இரும்புச் சட்டியில் சுள்ளி பற்றவைத்து, ஒரு கொடியைக் கையில் எடுத்தபோது, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெரியவர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"டீச்சரம்மா, நிறுத்துங்க! என்ன காரியம் பண்றீங்க?"

"சட்டத்துலயே இருக்குதுங்கண்ணா. பழைய கொடியை இப்படித்தான்..."

"சட்டத்துல மொட்டைமாடியிலன்னு இருக்குதுங்களா? நாலு தெருவுக்குத் தெரியுது. நீங்க படிச்ச சட்டம் கீழ நின்னு பாக்கறவனுக்குத் தெரியுமா? அவன் கண்ணுக்குத் தீயும் கொடியும்தான் தெரியும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தேன். கொடி நல்லவேளை சட்டியில் இறங்கியிருக்கவில்லை.

ஆகவே முதல் வேலை இடம் பார்ப்பது. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் உள்ள பின்கட்டு, அல்லது சாலையிலிருந்து தெரியாத தோட்டம். பக்கத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் இடம் ஆகாது. வீட்டாரைத் தவிர யாரும் வேண்டாம். பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் உங்கள் பிள்ளைகள் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். செல்போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நல்ல எண்ணத்தில் எடுத்த படமாகவே இருக்கட்டும், அது ஊர் ஊராகச் சுற்றும்போது உங்கள் எண்ணம் அதோடு போகாது. தீயும் கொடியும் மட்டும்தான் போகும்.

மற்ற ஊர்களில் இந்தத் தீ என்ன சொல்கிறது

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டிவியில அமெரிக்கக் கொடியைக் கொளுத்துறாங்களே டீச்சர், அதுவும் பழசாப் போன கொடிங்களா?" அப்போது என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவின் கொடி விதியும் நம்முடையதைப் போலவே, பறக்கவிடத் தகுதியிழந்த கொடியைக் கண்ணியமான முறையில், எரித்து அழிப்பது நல்லது என்கிறது. ஜூன் 14 அவர்களுக்குக் கொடி நாள். முன்னாள் படைவீரர்கள் ஊர் ஊராகப் பழைய கொடிகளைச் சேர்த்து, வரிசையில் நின்று, வணக்கம் வைத்து எரிப்பார்கள். நமக்குத் தனிமை, அவர்களுக்கு ஊரே கூடிய சடங்கு. பிலிப்பைன்ஸ் நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டமும் நைந்த கொடியைத் தூக்கி எறியாதே, பயபக்தியோடு எரி என்கிறது. ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி. அங்கே அடையாளம் தெரியாத சிறு துண்டுகளாக வெட்டி, பையில் கட்டி, குப்பையில் சேர்க்கலாம். எனக்கு இது ஒப்பவே இல்லை. சக்கரத்தின் நடுவில் கத்தரி வைக்க என் கை போகாது. ஆனால் அந்த ஊர்க்காரருக்குக் குப்பையில் கொடி அடையாளத்தோடு கிடப்பதுதான் அவமானம். வெட்டுவது அந்த அவமானத்திலிருந்து அதைக் காப்பாற்றத்தான்.

அதே அமெரிக்காவில் கோபத்தில் எரித்தவர்களும் உண்டு. 1966 ஜூனில், மிசிசிப்பியில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின உரிமைப் போராளி சுடப்பட்ட செய்தியை நியூயார்க் புரூக்ளினில் வானொலியில் கேட்டார் சிட்னி ஸ்ட்ரீட். அவரும் கறுப்பினத்தவர், ராணுவத்தில் பதக்கம் வாங்கியவர். தேசிய விடுமுறை நாட்களில் தன் வீட்டில் பறக்கவிட, பீரோவில் மடித்து வைத்திருந்த கொடி ஒன்று அவரிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தெரு முனைக்கு வந்து எரித்தார். அந்தக் கொடி அவர் கடையில் வாங்கி வந்த எதிரியின் கொடி அல்ல என்பதைக் கவனியுங்கள். வருடம் முழுக்க மரியாதையாக மடித்து வைத்திருந்த அவருடைய சொந்தக் கொடி. பொருட்படுத்தாத ஒருவருக்கு அதை எரிக்கத் தோன்றாது.

1984இல் டல்லாஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு வெளியே கிரெகரி லீ ஜான்சன் எரித்தார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கொடியை எரிப்பதும் ஒருவகைப் பேச்சுதான், அதற்குத் தண்டனை கூடாது என்று தீர்ப்பானது. உடனே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1990இல் அதுவும் செல்லாது என்றார்கள் நீதிபதிகள். நம் நாட்டில் அந்தத் தீர்ப்பு செல்லாது, தைரியம் கொண்டு யாரும் முயல வேண்டாம். நம் சட்டத்திலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: கொடியைப் பற்றியோ அரசமைப்பைப் பற்றியோ அரசின் செயலைப் பற்றியோ, சட்டவழியில் மாற்றம் வேண்டிக் குறை சொல்வது குற்றமாகாது. வாயைத் திறக்கலாம், தீயைத்தான் வைக்கக் கூடாது.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது ஜப்பானின் ஒகினாவா. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்கியபோது, யோமித்தான் கிராமத்தில் ஒரு குகைக்குள் ஒளிந்திருந்த மக்கள், பிடிபடுவதைவிடச் சாவதே கடமை என்று ஊட்டப்பட்டிருந்ததால், தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைக் கொன்றார்கள். ஊர் அதைப் பற்றி வெகுகாலம் வாய் திறக்கவில்லை. 1987 அக்டோபரில் அதே கிராமத்தில் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. மைதானத்தில் ஜப்பானின் சூரியக் கொடியை ஏற்றினார்கள். அந்தக் குகையில் நடந்ததைத் தோண்டித் துருவிக் கேட்டறிந்தவர்களில் ஒருவரான சிபானா ஷோயிச்சி என்ற கடைக்காரர், கொடியை இறக்கி எரித்தார். வேறு எங்காவது எரித்திருந்தால் அது வெறும் கலகமாகப் போயிருக்கும். அந்த மண்ணில், அந்தக் குகைக்கு அருகில் எரித்ததால், செத்தவர்களுக்காக ஒருவர் வாய் திறந்தது போல இருந்தது. பொருளைச் சேதப்படுத்திய குற்றத்துக்கு அவருக்குத் தண்டனை விதித்து, நிறுத்திவைத்தார்கள். எரித்தது சரியா என்று என்னைக் கேட்டால் என்னால் சட்டென்று தலையாட்ட முடியாது. அந்தக் குகையைத் தெரிந்துகொள்ளாமல் அவரைத் திட்ட மட்டும் மாட்டேன்.

ஜப்பானிலும் டென்மார்க்கிலும் அயல்நாட்டுக் கொடியை அவமதிப்பதைத் தண்டிக்கும் சட்டம் இருந்து வந்திருக்கிறது. சொந்தக் கொடிக்கு அப்படியொரு பாதுகாப்பு வெகுகாலம் இருந்ததில்லை. அயல்நாட்டுக் கொடியை எரித்தால் இரண்டு நாட்டுக்கும் பகை மூளும் என்ற கணக்கு. டென்மார்க் வீடுகளில் தோட்டத்துக் கம்பத்தில் சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடி பறக்கும். பிறந்த நாளுக்குக்கூட ஏற்றுவார்கள். தரையில் படவிடமாட்டார்கள். நைந்தால் எரிப்பார்கள். 2006இல் நபிகளைப் பற்றிய கேலிச்சித்திரங்களுக்காக அதே கொடி பல நாடுகளின் தெருக்களில் எரிந்தது. வீட்டுத் தோட்டத்தில் வழியனுப்பு, தெருவில் வசை. சவூதி அரேபியாவின் கொடியில் இஸ்லாத்தின் உறுதிமொழியே எழுதியிருக்கிறது. அதனால் துக்கத்துக்குக்கூட அதை அரைக்கம்பத்தில் இறக்குவதில்லை. அதற்கு வைக்கும் தீ ஒரு அரசுக்கு வைப்பது மட்டுமாக இராது.

வட அயர்லாந்தில் ஜூலை 11 இரவு. 1690 போரில் கத்தோலிக்க மன்னரைப் புராட்டஸ்டண்ட் மன்னர் ஜெயித்த நினைவாக, புராட்டஸ்டண்டுகள் மரச்சட்டங்களை மாடி உயரத்துக்கு அடுக்கிக் கொளுத்துவார்கள். பல இடங்களில் உச்சியில் அயர்லாந்துக் கொடி இருக்கும். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. படத்தைப் பார்த்தபோது ஒரு கணம் நம் கொடியைச் செங்குத்தாகத் திருப்பியது போலிருந்தது, வயிறு கலங்கிவிட்டது. எரிப்பவர்களுக்குத் திருவிழா. அடுத்த தெருவிலேயே குடியிருக்கும் கத்தோலிக்கர்களுக்கு நெஞ்சில் வைத்த தீ.

நமக்கு இதெல்லாம் அந்நியமில்லை. மழை பொய்த்தால் நம் கிராமங்களில் கொடும்பாவி கட்டி, தெருவெல்லாம் இழுத்து, ஒப்பாரி வைத்துக் கொளுத்துவார்கள். ஊரின் பாவம் எரிந்து மழை வரட்டும் என்று. அரசியலில் கொடும்பாவி எரிப்பது அதன் பேரப்பிள்ளை. 1921 ஜூலை 31 அன்று பம்பாய் பரேலில் காந்தி அந்நியத் துணிக்குத் தீ வைத்தார். போகிக்குப் பழம்பாய் எரிக்கிறோம். பெற்றவர்களைச் சிதையில் வைத்துக் கும்பிட்டு எரிக்கிறோம். ஒரு தீக்குச்சியில் இத்தனை பேச்சும் அடங்கியிருக்கிற ஊர் இது.

ஆகவே எங்காவது கொடி எரிகிற படம் பார்த்தால் உடனே பொங்காமல் நாலு விஷயம் பாருங்கள் என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எரிகிறது சொந்தக் கொடியா, அடுத்தவர் கொடியா? விரித்துப் பிடித்திருக்கிறார்களா, மடித்து வைத்திருக்கிறார்களா? வசை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் விரித்துத்தான் பிடிப்பார்கள், எது எரிகிறதென்று தெரிய வேண்டுமே. மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறதா? பார்க்க யார் நிற்கிறார்கள்? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி விளங்கிவிடும். மீதி அந்த ஊரின் கதையைக் கேட்டால்தான் விளங்கும்.

எரிக்கத் தைத்த கொடி

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் தையற்காரர். 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. பதினான்கு வயதுப் பையனாகப் பந்தல் ஓரத்தில் நின்று கேட்டவர் அவர். கடைசிவரை பெரியார் பக்தர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், தொண்டர் என்று சொல்ல வேண்டும்.

1955இல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப் பெரியார் அழைப்பு விடுத்தார். அப்பாவின் கடையில் அதற்காக ஒரு கொடி தைத்தார்கள். கதர்த் துணி வாங்கி, மூன்று பட்டையையும் சம அளவில் வெட்டி, உள்மடிப்புத் தையல் போட்டு, நடுவில் நீல நூலால் சக்கரத்தை இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி பின்னியிருந்தார். இருபத்து நாலு ஆரமும் சரியாக இருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"எரிக்கப் போற கொடிக்கு எதுக்குப்பா இருபத்து நாலையும் எண்ணிப் போட்டீங்க?"

"தப்பாத் தைச்ச கொடியை எரிச்சா அது வெறும் துணி கண்ணு. சரியான கொடியை எரிச்சாத்தான் டெல்லிக்கு உறைக்கும்."

தையல் சொல்லித்தரும் எனக்கு அந்தப் பதில் வாழ்நாள் முழுக்கப் போதும். அவமதிக்க எரிக்கிறவருக்கும் அந்தக் கொடி மதிப்புள்ளதாக இருந்தாக வேண்டும். வண்டி துடைக்கிறவருக்கு அதுவும் இல்லை.

அந்தக் கொடி எரியவில்லை. இந்தி கட்டாயமாக்கப்படாது என்று முதல்வர் காமராஜர் உறுதி கொடுத்ததும் போராட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 1957இல் சென்னை மாநில அரசு, தேசியச் சின்னங்களை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் கொண்டுவந்தது. அந்த நவம்பர் 26 அன்று அரசமைப்பில் சாதியைக் காக்கும் பகுதிகள் என்று சொல்லி அவற்றை எரித்து ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். கொடி மட்டும் அப்பாவின் தகரப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியிலேயே இருந்தது. 2009இல் அவர் காலமான பிறகு என்னிடம் வந்தது. 2022இல் பொறுக்கிய கொடிகளோடு சேர்த்து அதையும் எடுத்துப் பார்த்தேன். பூச்சி அரித்து, பச்சைப் பட்டையில் விரல் நுழையும் ஓட்டைகள், மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போய் நூல் நூலாக வந்தது. அதையும் முறைப்படி அனுப்பிவிடுவது என்று நானும் அண்ணனும் முடிவு செய்தோம்.

செய்முறை

முதலில் எந்தக் கொடியை எரிக்க வேண்டும் என்று பிரியுங்கள். வெறும் தூசி, லேசான அழுக்கு என்றால் தனியாக, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு மீண்டும் ஏற்றலாம். கிழிந்தது, சாயம் வெளுத்தது, கறை போகாதது எரிக்க வேண்டியது. காற்றில் ஆடும் ஓரம்தான் முதலில் பிரியும். அதை வெட்டிவிட்டு மடித்துத் தைத்துவிடலாம் என்று நிறையப் பேர் கொண்டுவருவார்கள். வேண்டாம். கொடியின் நீள அகலம் 3க்கு 2. 900க்கு 600 மில்லிமீட்டர் கொடியில் இரண்டு அங்குலம் வெட்டினால் அந்தக் கணக்கு போய்விடும், சக்கரமும் நடுவில் இராது.

அடுத்தது என்ன துணி என்று பார்ப்பது. 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, பாலியஸ்டர் கொடிக்கும் இயந்திரத்தில் நெய்த கொடிக்கும் அனுமதி கொடுத்தார்கள். அதனால் இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர். ஓரத்தில் ஏற்கெனவே பிரிந்து தொங்கும் ஒரு இழையை எடுத்து, நான் மேலே சொன்னபடி தீக்குச்சி காட்டிப் பாருங்கள். உருகினால் தனியாக வையுங்கள். என் நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று உருகுகிற ஜாதி.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அண்ணனுக்கு ஒரு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. சாலையிலிருந்து இறங்கினால் வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு களம். யாருக்கும் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவும் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே ஏறினேன், பஸ்ஸில் கீழே வைக்க மனம் வரவில்லை. அங்கே ஒரு சங்கடம், மூடுபனி. ஈரக் கொடி எரியாது, புகையும், பாதி கருகி நின்றுவிடும். கருகிய பாதிக் கொடியைப் போல மனசை அறுக்கிற காட்சி வேறில்லை. அதனால் மாசி மாதம் வரை காத்திருந்தோம். நன்றாக வெயில் ஏறிய ஒரு காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். சேலத்தில் செய்வதானால் அதிகாலை நல்லது, காற்று இராது.

வேண்டியவை: வாயகன்ற இரும்புச் சட்டி, காய்ந்த விறகு, நீண்ட இரும்புக் கம்பி, ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். காப்பிச் செடியில் கவாத்து பண்ணிய குச்சிகள் நன்றாகக் காய்ந்திருந்தால் சுத்தமாக எரியும். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் கூடாது. குப்பென்று தீ எழும்பி முகத்தில் அடிக்கும் என்பது ஒன்று. ஊற்றிக் கொளுத்துவது எனக்கு அந்தத் தெருமுனைத் தீயைத்தான் நினைவுபடுத்துகிறது என்பது இன்னொன்று. பருத்திப் புடவையோ வேட்டியோ கட்டுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். வேறு குப்பை, சருகு, பழைய துணி எதையும் அந்தத் தீயில் சேர்க்காதீர்கள். சமையல் அடுப்பும் வேண்டாம்.

கம்பு, கயிறு, கட்டைகளை முதலில் கழற்றுங்கள். கொடியை மட்டும் துண்டாக்காதீர்கள், விதி முழுக் கொடியாக என்கிறது. பிறகு மடிப்பு. கொடியை இரண்டு பேர் கிடைமட்டமாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடக்க வேண்டும், வெள்ளைக்கு மேலும் கீழும் இரண்டு நிறமும் கொஞ்சம் தெரியும்படி. பிறகு இரண்டு பக்கத்தையும் நடுவை நோக்கி மடித்தால் சக்கரம் மட்டும் மேலே நிற்கும். அதை விரல்களால் தூக்காமல், இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு போக வேண்டும். அப்பாவின் கொடியை மடிக்கும்போது மடிப்பில் துணி உதிர்ந்தது. உதிர்ந்த நூலையும் பொறுக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தோம்.

மந்திரம், பாட்டு எதையும் விதி கேட்கவில்லை. நான் பழக்கத்தில் கற்பூரம் எடுத்துப் போயிருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குப் பிடிக்காது பாப்பா, உள்ள வை" என்றார். வைத்துவிட்டேன். ராணுவ முறை தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு வணக்கம் வைக்கலாம். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றோம்.

விறகு நன்றாகப் பிடித்து, புகை அடங்கி, கனலான பிறகுதான் கொடியை வைக்க வேண்டும். எறியாதீர்கள், குனிந்து வையுங்கள். இறுக்கமாக மடித்த துணி வெளியே கருகி உள்ளே அப்படியே இருக்கும், இதை நிறையப் பேர் எதிர்பார்ப்பதில்லை. அதனால் தீ பிடித்ததும் கம்பியால் மெதுவாக மடிப்பைத் தளர்த்திக் காற்றுப் போக விடுங்கள், குத்திக் கிளறாதீர்கள். ஒன்று முழுக்க எரிந்த பிறகு அடுத்தது. ஒரு பருத்திக் கொடிக்கு எங்களுக்குப் பத்து நிமிடம் போலானது. எங்காவது நிறம் தெரிகிறதா, நீல நூல் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். அப்பாவின் கொடியில் சக்கரம்தான் கடைசிவரை நின்றது. நெருக்கமாகப் போட்ட பின்னல், அவ்வளவு சீக்கிரம் நெருப்புக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு விஷயம் பலரும் குழப்பிக்கொள்வது: அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் உடல்மேல் போர்த்திய கொடியைச் சிதையில் எரிக்கக் கூடாது, குழிக்குள்ளும் இறக்கக் கூடாது. முன்னதாகவே எடுத்து மடித்து விடுவார்கள். அது நல்ல கொடி. நெருப்பு நைந்த கொடிக்குத்தான்.

சாம்பல் முழுக்க ஆறட்டும், அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கூழாக்காதீர்கள். உலோக வளையங்கள் இருந்தால் பொறுக்கிவிட்டு, கால் படாத இடத்தில் குழி எடுத்துச் சாம்பலைப் போட்டு மூடுங்கள். நாங்கள் ஒரு பழைய காப்பிச் செடியின் தூரில் போட்டோம். சாக்கடையிலோ திருமணிமுத்தாற்றிலோ கொட்டாதீர்கள், அதற்காகத்தானா இத்தனை பாடு.

காகிதக் கொடிகளையும் இதே சட்டியில், இதே தனிமையில் எரிக்கலாம். சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போவதைக் கூட்டிப் பெருக்கும் முன் பொறுக்க ஒரு பெட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கொடியை வாங்கவே வாங்காதீர்கள்.

பாலியஸ்டரை எரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. உருகிச் சொட்டும் துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சதையைப் பிய்க்கும், புகை நெஞ்சை அடைக்கும். மாண்புக்குக் குறைவில்லாத வேறு வழி என்று விதியே இடம் கொடுக்கிறது. முறைப்படி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி, சொந்த நிலத்தில் இடுப்பளவு ஆழத்தில் புதையுங்கள். பாலியஸ்டர் மட்காது, அதனால்தான் ஆழம். மேலே யாரும் தோண்டாத இடமாக, வேலி ஓரமாகப் பாருங்கள். அடுத்த முறை கொடி வாங்கும்போது நாலு காசு கூடப் போனாலும் கதரோ பருத்தியோ வாங்கினால் இந்தக் குழி தேவைப்படாது.

அன்றைக்கு எங்களுக்கு முப்பத்து மூன்று கொடி பாக்கி. பழைய பலாப்பலகையில் அண்ணனே பெட்டி அடித்து வைத்திருந்தார். கொடிகளை எண்ணி அடுக்கி, மூடி ஆணி அடித்தோம். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தார். நான் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினேன், மறுமுனையை அண்ணி பிடித்துக்கொண்டார்.